பழைய பிக்கப் எடுத்துக் கட்டப்போறீங்களா? சேலம், ஏற்காடு பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பிக்கப் ஒன்னு எடுத்து ரெடி பண்ணணும்னு ஆசைப்படுறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு முதல்ல போய் நிக்கிற இடம் பெயிண்ட் கடை தாங்க. என்ன கலர், எவர்சில்வர் பம்பர் போடலாமா, ஹெட்லைட்டு எல்இடியா மாத்தலாமான்னு பெரிய ஆலோசனை நடக்கும், பிரேக் பிடிக்குதாங்கனு கேட்டா "அத அப்பறம் பாத்துக்கலாம்ணா"ம்பாங்க. இந்த வரிசையை அப்படியே தலைகீழா திருப்பிப் போடுங்க, நான் சொல்ல வர்றது அவ்ளோதான். பேப்பர் முதல்ல, நிறுத்துற பிரேக் ரெண்டாவது, ஓட்டுற இன்ஜின் மூணாவது, தகரம் அதுக்கப்பறம், கலர் கடைசி. இன்னொன்னு, இது மூட்டை தூக்கின வண்டி, கல்யாண கார் இல்ல, அதனால பழைய வண்டி ஷோவுல நிறுத்துறப்பவும் வேலை செஞ்ச வண்டியாத்தான் தெரியணும்.

எந்த வண்டி எடுக்கலாம்

நம்ம பக்கம் அதிகமா கண்ணுல படுறது மகிந்திரா ஜீப் வகைதான். 1940கள் கடைசில பம்பாய்ல வில்லிஸ் ஜீப்பை பூட்ட ஆரம்பிச்ச கம்பெனி அது, அப்பறம் வந்த சிஜே-3பி, அதாவது பானட் உசரமா இருக்கிற ஜீப், மலைல காப்பி எஸ்டேட்டு, மிளகு, ஆரஞ்சுன்னு எல்லாத்துக்கும் உழைச்சுச்சு. பின்பக்கத்த வெட்டி லோடு பாடி கட்டினது, சேஸை, அதாவது அடிச்சட்டத்தை நீட்டினது, டிரெய்லர் கொக்கி போட்டதுன்னு விதவிதமா கிடைக்கும். இதே குடும்பத்துல எஃப்சி-150ன்னு ஒரு வண்டி இருக்கு, டிரைவர் சீட்டு இன்ஜினுக்கு மேலயே உக்காந்த மாதிரி மூஞ்சி சப்பையா இருக்கும், அமெரிக்காவுல 1965ல நிறுத்திட்டாங்க, அதே வருஷம் இங்க மகிந்திரா ஆரம்பிச்சது. ஒரிஜினல் பிக்கப்புன்னா அதுதான் பிக்கப், ஆனா கதவு, முன் கண்ணாடி, மூஞ்சித் தகரம் எதுவும் லேசுல கிடைக்காது, புதுசா வர்றவங்க முதல் வண்டியா அத எடுக்காதீங்க. குர்லாவுல பிரீமியர் கம்பெனி போட்ட டாட்ஜ், ஃபார்கோ எல்லாம் பாக்க ராஜா மாதிரி இருக்கும், நிறுத்துறதுக்கு இடமும் ராஜா மாதிரி வேணும். மிலிட்டரி ஏலத்துல வந்த ஜோங்காவும் உண்டு, ஜபல்பூர் ஃபேக்டரில நிசான் டிசைன்ல செஞ்சது, பெட்ரோலு குடிக்கும் பாருங்க, கேக்கவே வேண்டாம்.

புது ஆளுக்கு என் சிபாரிசு சிஜே-3பி அடிப்படையில இருக்கிற வண்டி, இல்லாட்டி டெம்போ மெட்டடோர் பிக்கப், இல்லாட்டி 1988ல வந்த டாடா மொபைல். கடைசி ரெண்டும் இன்னும் பழசுன்னு யாரும் மதிக்கலங்கிறதால விலை கம்மி, பாத்து வளந்த மெக்கானிக்கு ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. உலக அளவுல பழைய வண்டிச் சங்கங்களுக்கெல்லாம் தலைமையா இருக்கிற ஃபிவா அமைப்பு 30 வருஷம் ஆனாலே சரித்திர வண்டின்னு ஒத்துக்குது, அதனால டாடா மொபைல் வச்சிருந்தா கூச்சப்பட வேண்டியதில்ல.

பேப்பர்

வண்டியைப் பாக்கப் போறப்ப டார்ச்சு, ஒரு பென்சில், வெள்ளைப் பேப்பர் எடுத்துட்டுப் போங்க. சேஸ் நம்பர் மேல பேப்பர வச்சு பென்சிலால தேச்சு அச்சு எடுங்க, இன்ஜின் நம்பரையும் அதே மாதிரி, ரெண்டையும் ஆர்சி புக்கோட ஒத்துப் பாருங்க. எம், டி-ன்னு ஆரம்பிக்கிற மூணு எழுத்து பழைய நம்பர் வண்டிங்கள்ல புக்கு நஞ்சு போயிருக்கும், ஓனர் செத்துப் போயிருப்பாரு, வாரிசு மூணு பேரு மூணு ஊர்ல இருப்பாங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்கன்னு உறுதியாகாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஃபார்ம் 29, 30 பேரு மாத்த, வேற ஆர்டிஓ எல்லைன்னா ஃபார்ம் 28ல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, ஃபைனான்ஸ் எழுத்து இன்னும் புக்குல நிக்குதுன்னா ஃபார்ம் 35. 1970ல வாங்கின கடனா இருந்தாலும் சரி, எழுத்து நிக்கிற வரைக்கும் நிக்கிறதுதான்.

நம்ம ஊர்ல பெரிய வில்லங்கம் டீசல் இன்ஜின். பெட்ரோல் கட்டுப்படி ஆகலைன்னு அந்தக் காலத்துல ஜீப்பு ஜீப்பா இன்ஜினைத் தூக்கிட்டு டீசல் போட்டாங்க, மகிந்திராவே அப்பறம் டிராக்டர் இன்ஜின், பியூஜோ இன்ஜின்னு டீசல்ல விட்டுச்சு. கம்பெனியே டீசல்ல குடுத்ததுன்னா பிரச்சனை இல்ல. பட்டறைல மாத்தினதுன்னா அது புக்குல ஏறியிருக்கணும், ஏறலைன்னா விலையைக் கேட்டுக்கூட நிக்காதீங்க.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021 ஜூலைல மத்திய அரசு தனியா வின்டேஜ் பதிவுன்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. நம்பர்ல மாநில எழுத்துக்கு அடுத்து விஏன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, அப்பறம் மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். பழைய நம்பர் ஏற்கனவே இருந்தா அதையே வச்சுக்கலாம். ஆனா ரெண்டு கண்டிஷன் கவனிங்க. சேஸ், பாடி, இன்ஜின் மூணும் பெருசா மாத்தாம இருக்கணும், இதுல டீசல் மாத்தின வண்டி அடிபட்டுப் போகும். ரெண்டாவது, சொந்த உபயோக வண்டிக்குத்தான் அது, வாடகை சவாரியோ தெனமும் ஆபீஸ் போறதோ கூடாது, ஷோ, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக இதுக்கு மட்டும் ரோட்டுல எடுக்கலாம். பிக்கப்ல வர்ற சிக்கல் என்னன்னா நெறைய வண்டி சரக்கு வண்டின்னு பதிவாகியிருக்கும், அத சொந்த உபயோகமா மாத்த முடியுமான்னு உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. தெனமும் ஓட்டணும்னு ஆசையா, அப்ப சாதா பதிவுலயே எஃப்சி, அதாவது வண்டி ஓட்டத் தகுதின்னு குடுக்கிற ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட், எடுத்து வச்சுக்கறதுதான் நல்லது.

மலை வண்டியும் கீழ வண்டியும்

ஏற்காட்டுல நின்ன வண்டிக்கும் சேலத்துல நின்ன வண்டிக்கும் நோய் வேற வேற. மலைல பனியும் மழையும் மாத்தி மாத்தி அடிக்கிறதால தகரம் அடில இருந்து போகும், மேல பாத்தா கலரு ஜம்முனு இருக்கும், கீழ படுத்துப் பாத்தா தரைத் தகரத்துல வானம் தெரியும். பாடிக்கு அடில குறுக்க ஓடுற பட்டைங்க, பேட்டரி தட்டு, பின் குறுக்குச் சட்டம், கால் வைக்கிற இடம் இது நாலையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, ஓனர் மொறச்சாலும் பரவால்ல. சேலம் வெயில்ல நின்ன வண்டில தகரம் நல்லாருக்கும், ஆனா ரப்பர் மொத்தமும் கருவாடு. நான் எப்பவும் கீழ வண்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ரப்பரு கடைல கிடைக்கும், தகரம் கூலி குடுத்துத்தான் செய்யணும், மொத்த செலவுல பெரிய பங்கு அந்த டிங்கர் கூலிலதான் போகும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி

போட்டோ எடுங்க. ஒவ்வொரு ஒயரும் எங்க போகுது, ஒவ்வொரு பிளேட்டும் எந்தப் பக்கம் பாத்துருக்கு, சந்துல வைக்கிற மெல்லிசுத் தகடு, அதான் ஷிம்மு, எத்தனை இருந்துச்சுன்னு. போல்ட்டுங்கள தனித்தனி கவர்ல போட்டு மார்க்கர்ல பேரு எழுதுங்க, மொத்தமா ஒரே டப்பால கொட்டினீங்கன்னா முடிஞ்சுது கதை.

அதே சமயம் வண்டியோட வரலாறையும் பிடிங்க. எஸ்டேட் வண்டின்னா அங்க ரைட்டரா இருந்தவரு, டிரைவரா இருந்த பெரியவரு யாராவது உசுரோட இருப்பாங்க, போய் ஒரு டீ வாங்கிக் குடுத்து "அய்யா இதுல என்ன ஏத்துவீங்க, கலரு என்ன இருந்துச்சு"ன்னு கேளுங்க, கேக்கறத போன்ல ரெக்கார்டு பண்ணிக்கங்க. பழைய போட்டோ ஒன்னு கிடைச்சா அது குரோம் பம்பரை விட மதிப்பு.

கதவுல எஸ்டேட் பேரு எழுதி அதுக்கு மேல பலதடவை பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. ஒரே இடத்துல ஒரு ரூபா நாணயம் அளவுக்கு 400 நம்பர் உப்புத்தாளை தண்ணி தொட்டு மெதுவா தேச்சா ஒவ்வொரு கலரும் வளையம் வளையமா வெளிய வரும், அடில இருக்கறது ஃபேக்டரி கலர். டேஷ்போர்டுக்கு உள்பக்கம், நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி பாத்தாலும் தெரியும். காஞ்ச மேனிக்கு மட்டும் தேய்க்காதீங்க, அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்கும்.

பிரேக்

இது நடக்காம வேற எதையும் தொடாதீங்க. இந்த ஜீப்புங்கள்ல நாலு வீலுக்கும் டிரம் பிரேக்கு, ஒரே லைன், அதாவது எங்கயாவது ஒரு இடத்துல ஆயில் ஒழுகினா நாலு பிரேக்கும் ஒன்னா போகும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஓஸு எல்லாத்தையும் கழட்டி ரப்பர் கிட் புதுசு போடுங்க, சிலிண்டர் உள்ள குழி விழுந்திருந்தா உள்ள புதுக் குழாய் இறக்கி ஸ்லீவ் அடிங்க இல்லாட்டி மாத்துங்க, இரும்புப் பைப்பு துரு பிடிச்சிருந்தா யோசிக்காம புது லைன். டாட்-3 பிரேக் ஆயில் தவிர வேற எண்ணெய் ஒரு சொட்டு போகக் கூடாது, இன்ஜின் ஆயில் பட்டா ரப்பர் ஊதிப் போகும். பிரேக் ஆயில் பெயிண்டையும் தின்னுரும், கலர் கடைசின்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டிரம்மு கழட்டினதும் பட்டறைப் பையன் ஏர் ஓஸை எடுத்து புஸ்ஸுனு அடிக்க வருவான், தடுங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சோப்புத் தண்ணில நனைச்சுத் தொடைங்க.

டயரு பத்தி ஒன்னு. ஜீப்புக்கு 6.00-16 சைஸ். அதே சைஸ்ல டிராக்டர் முன் டயரும் வருது, விலையும் இழுக்கும், ஆனா அது வயல்ல மெதுவா போறதுக்கு, பைபாஸ்ல ஓட்டுறதுக்கு இல்ல. டயர்ல நாலு நம்பர் தேதி அச்சு இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், அதையும் பாத்து வாங்குங்க.

இன்ஜின்

சிஜே-3பி, எஃப்சி-150 ரெண்டுலயும் ஒரே பெட்ரோல் இன்ஜின்தான், 2.2 லிட்டர் ஹரிக்கேன். இன்டேக் வால்வு மேல ஹெட்ல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்ல இருக்கும். அதனால ஹெட்டை மட்டும் கழட்டி லேத்துக்கு அனுப்பிட்டு வால்வு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, பாதி வேலை பிளாக்குலயே உக்காந்திருக்கு.

ரொம்ப நாளா நின்ன இன்ஜின்னா நேரா செல்ஃப் அடிக்காதீங்க. பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் டீசலும் பவர் ஸ்டீரிங் ஆயிலும் கலந்து ஊத்தி சில நாள் ஊற விட்டு, முன்னாடி ஹேண்டில் போட்டு கையால சுத்திப் பாருங்க, வரலைன்னா திரும்ப ஊத்தி விடுங்க, அவசரம் காட்டினா ரிங்கு உடையும். ஸ்டார்ட் பண்றதுக்கு ஹேண்டில் போடுறப்ப கட்டைவிரலையும் மத்த விரலுங்க பக்கமே வச்சுக்கங்க, சுத்திப் பிடிக்காதீங்க, இன்ஜின் திருப்பி அடிச்சா விரலு போயிரும்.

சுத்துச்சுன்னா கம்ப்ரஷன் பாத்து சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குற போர் கட்டிங் வேணுமா இல்ல ரிங்கு மட்டும் போதுமான்னு முடிவு பண்ணுங்க. கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் சேலத்துலயே நடக்கும், லாரி ஊரு பக்கத்துல இருக்கறதோட வரம் அது. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில் கேட்டு வாங்குங்க, ஜிஎல்-5 சில வகை உள்ள இருக்கிற பித்தளைக்கு ஆகாது. ஃபர்ஸ்ட் கியரு சிங்க்ரோ, அதாவது ஓடுறப்ப பல்லு வேகத்தை ஒத்துப் போக வைக்கிற அமைப்பு, இல்லாதது, வண்டி நின்னாத்தான் சத்தமில்லாம விழும், அது கோளாறுன்னு கியர்பாக்ஸை இறக்கிடாதீங்க.

பெட்ரோல் விஷயத்துல ரெண்டு மாற்றம் இந்த இன்ஜின் பொறந்தப்ப இல்லாதது. 2000ல ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்னுச்சு, அதனால எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை கெட்டியான இரும்புல மாத்திக்கறது நல்லது. இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும், பம்பு டயாஃப்ரம், பெட்ரோல் டியூபு, கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலுக்குத் தாங்குற மாதிரி பாத்து மாத்துங்க, வண்டிய மாசக்கணக்குல நிறுத்துறதா இருந்தா டேங்கை காலி பண்ணி வைங்க. டேங்கு உள்ள துருவா இருந்தா சின்ன ஜல்லியைப் போட்டு குலுக்கிக் கழுவுங்க. ஓட்டையா இருந்தா காலி டேங்குதானேன்னு வெல்டிங் கடைல நீட்டாதீங்க, காலி டேங்குதான் வெடிக்கும், நல்லா கழுவி ஆவி போக்கி, தெரிஞ்ச ரேடியேட்டர்காரருகிட்ட மட்டும் குடுங்க.

இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி விடாம நிறுத்துற தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுறது நம்ம மெக்கானிக்குங்களோட பரம்பரைப் பழக்கம். சேலம் வெயிலுக்கு ஓடிரும், மார்கழி மாசம் ஏற்காட்டுல இன்ஜின் சூடே ஏறாம இருமிட்டே கிடக்கும். போட்டு வைங்க.

துரு, தகரம், கலர்

சின்னச் சின்ன பார்ட்டுக்கு துரு எடுக்க சலவை சோடா போதும். பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சோடா, பேட்டரி சார்ஜரோட கருப்பு ஒயர் பார்ட்டுல, சிவப்பு ஒயர் ஒரு வேஸ்ட் இரும்புத் துண்டுல, ரெண்டும் ஒன்னை ஒன்னு தொடக் கூடாது, ராத்திரி விட்டா காலைல துரு கறியாட்டம் உரிஞ்சு வரும். வெட்டவெளில வைங்க, வர்ற வாயு தீப்பிடிக்கும். இங்க சேலத்துக்காரங்களுக்கு தனியா ஒரு எச்சரிக்கை: ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊருங்கிறதால காயலாங்கடைல எவர்சில்வர் துண்டு சல்லிசா கிடைக்கும், அத சிவப்பு ஒயர்ல மாட்டாதீங்க, அதுல இருக்கிற குரோமியம் கரைஞ்சு தண்ணியே விஷமாயிரும். சாதா கட்டுமானக் கம்பி போதும். ஸ்பிரிங் பிளேட்டுங்கள இதுல முக்காதீங்க, வெறைச்சு உடையும்.

தரைத் தகரம் வெட்டி ஒட்டுறப்ப கேஸ் வெல்டிங்கோ மிக் வெல்டிங்கோ பண்றவரா பாருங்க, சாதா ஆர்க்ல 18 கேஜ் தகரம் ஓட்டை ஓட்டையாப் போகும். தகரத்தை வெட்டி எடுக்காம மேல பட்டி பூசி மூடுற டிங்கரு நெறைய பேரு இருக்காங்க, ஒரு மழைக்காலம் தாங்கும். காந்தம் ஒன்னு பாக்கெட்ல வச்சுக்கங்க, ஒட்டலைன்னா அடில பட்டி. தண்ணி வடியுற ஓட்டைங்கள அடைச்சிராதீங்க, கம்பெனிக்காரன் தெரிஞ்சுதான் விட்டிருக்கான்.

பின்னாடி லோடு பெட்டிக்குப் பலகை போட நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டுற ஆசாரிங்க கிட்ட போங்க, சின்ன வேலைன்னு முதல்ல சலிச்சுக்குவாங்க, வண்டியப் பாத்ததும் அவங்களே அளவு நாடாவை எடுத்துருவாங்க.

கலர் அடிக்கணுமாங்கறதே கேள்விதான். பழைய பெயிண்ட் பாதிக்கு மேல ஒழுங்கா இருந்து கதவுல பேரும் தெரியுதுன்னா கழுவி, மெழுகு போட்டு அப்படியே விடுங்க, பெரிய ஷோக்கள்ல பாதுகாத்த வண்டி, புதுப்பிச்ச வண்டின்னு தனித்தனி பிரிவே இருக்கு. அடிக்கத்தான் வேணும்னா எபாக்சி பிரைமர் போட்டு அது மேல அந்தக் காலத்து அளவு மினுமினுப்போட நிறுத்துங்க. இந்தக் காலத்து பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிச்சு கண்ணாடி மாதிரி ஆக்கினா ஜீப்பு ஜீப்பாவே இருக்காது. புது பெயிண்டை வேணும்னே கீறி பழசு மாதிரி காட்டுறது அதை விட மோசம்.

மலை ஏத்திப் பாக்குறது

கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்க இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் 280 மீட்டர் உசரத்துல, ஏற்காடு 1500 மீட்டர் பக்கம், இந்த ஏத்தத்துல தேறின வண்டி எங்கயும் போகும். ஆனா முதல் நாளே மேல வரைக்கும் போகாதீங்க, ஊருக்குள்ள சில வாரம் ஓட்டி ஒழுக்கு, சூடு எல்லாம் பாத்துட்டு, விடிகாலைல கூட ஒரு ஆள், தண்ணி கேனு, டூல்ஸோட கிளம்புங்க. சனி ஞாயிறும் மே மாசக் கோடை விழா நேரமும் வேண்டவே வேண்டாம், வளைவுல டிராஃபிக்ல நின்னா கிளட்சு கருகும்.

பாதி ஏத்தத்துல இன்ஜின் திணறி அணைஞ்சா பெரும்பாலும் பெட்ரோல் சூடாகி லைன்ல ஆவி அடைச்சிருக்கும், ஓரம் கட்டி பானட்டைத் திறந்து பம்பு மேல ஈரத்துணி போட்டு கொஞ்ச நேரம் விடுங்க. மேல போனதும் காத்து லேசாகிறதால பெட்ரோல் கலவை தடிச்சு பிளக் கருப்படிக்கும், உடனே கார்புரேட்டரைத் திருகாதீங்க, மேல சரி பண்ணினது கீழ வந்தா பெட்ரோல் பத்தாம சூடேறும். இறங்குறப்ப எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, டிரம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பத்தாவது வளைவுல பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

ஷோவுல நிறுத்துறது

நம்ம ஊருக்கு முதல் ஷோ ஆயுத பூஜைதான், சந்தேகமே வேண்டாம். வாழைக்கன்னு கட்டி, சந்தனம் குங்குமம் வச்சு நிறுத்தினா தெருவே வந்து நிக்கும், அங்க வர்ற கேள்விங்களே நல்ல பயிற்சி. சந்தனம் காஞ்சதும் ஈரத்துணில எடுத்துருங்க, கறை பிடிக்கும். அடுத்தது சென்னைல மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி சங்கங்கள் நடத்துறதைப் போய்ப் பாருங்க, கோயமுத்தூர் ஜிடி கார் மியூசியத்துக்கும் ஒருநடை போய்ட்டு வாங்க, உங்க வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடி மத்தவங்க எப்படி நிறுத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

நடுவருங்க கண்ணுக்கு முதல்ல படுறது சின்ன விஷயங்கதான்: பிளஸ் தலை ஸ்க்ரூ, பளபளக்குற எவர்சில்வர் நட்டு, ஒயர்ல சுத்தின கலர் கலர் டேப்பு, எல்இடி. பின்னாடி பெட்டிய காலியா விடாதீங்க, அது ஏத்தின சரக்கை வைங்க, காப்பி மூட்டைக்கு சாக்குல உமி அடைச்சு கட்டினா போதும், எடையும் இருக்காது. பக்கத்துல தமிழ்ல ஒரு பலகை, வருஷம், இன்ஜின், எந்த ஊர்ல என்ன வேலை பாத்துச்சு, எதெல்லாம் மாத்தியிருக்கு, அவ்ளோ போதும். மாத்தினதை மறைக்காம எழுதுங்க, தெரிஞ்சவங்க எப்படியும் கண்டுபிடிச்சிருவாங்க. பிரிச்சப்ப எடுத்த போட்டோக்களை ஒரு ஆல்பமா போட்டு சீட்டு மேல வைங்க, வர்ற பெரியவங்க வண்டிய விட்டுட்டு அதைத்தான் புரட்டுவாங்க.

புள்ளைங்க பெட்டில ஏறிக் குதிக்கும், தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனா ஏற்காட்டுல சமதரைன்னு ஒன்னு கிடைக்கறது கஷ்டம், இந்த ஜீப்போட ஹேண்ட்பிரேக் வீல்ல இல்ல, பின் ஷாஃப்டுல பிடிக்கிறது, கொஞ்சம் ஆயில் ஒழுகி அந்த டிரம்முல ஏறுனா பிடியே இருக்காது. கியர்ல போட்டு நிறுத்துங்க, நாலு வீலுக்கும் மரக்கட்டை குடுங்க, ஸ்விட்ச் சாவிய உங்க பாக்கெட்லயே வச்சுக்கங்க.